அனல் மின் நிலையத்தைப் பகலில் அணைத்து மாலையில் போட முடியாதா?

"பகலெல்லாம் சூரிய மின்சாரம் கிடைக்கிறது. ஆனி, ஆடியில் காற்றாலைகள் நிற்காமல் சுற்றுகின்றன. அந்த நேரத்தில் நிலக்கரி மின் நிலையங்களை அணைத்து வைத்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பப் போட்டுக்கொண்டால் கரியும் மிச்சம், புகையும் மிச்சம். ஏன் அப்படிச் செய்வதில்லை? உள்ளே அப்படி என்னதான் நடக்கிறது?" இதுதான் கேள்வி. நியாயமான கேள்வி. 210 மெகாவாட் யூனிட்டுகளின் (ஒரு கொதிகலன், ஒரு டர்பைன், ஒரு ஜெனரேட்டர் சேர்ந்தது ஒரு யூனிட்) கட்டுப்பாட்டு அறையில் ஷிஃப்ட் பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

அணைப்பது சுலபம். மேசையில் இரண்டு சிவப்புப் பொத்தான்கள் இருக்கும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சில வினாடிகளில் அடுப்பில் தீ இருக்காது. திரும்பத் தீ மூட்டுவதும் பெரிய வித்தை அல்ல. ஆனால் தீக்கும் மின்சாரத்துக்கும் நடுவில் பல ஆயிரம் டன் இரும்பு இருக்கிறது. அது சூடாவதற்கும் ஆறுவதற்கும் எவ்வளவு நேரம் கேட்கிறதோ அவ்வளவு நேரத்தை நாம் கொடுத்தே ஆக வேண்டும். அவசரப்பட்டால் அது வளையும், வெடிக்கும், கிழியும்.

பேசுவதற்குத் தூத்துக்குடி அனல் மின் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து யூனிட்டுகள், ஒவ்வொன்றும் 210 மெகாவாட், மொத்தம் 1,050. முதல் மூன்றும் 1979, 1980, 1982-இல் வந்தவை. மற்ற இரண்டும் 1991-92-இல். கொதிகலன்கள் திருச்சி பெல் (BHEL) ஆலையில் செய்தவை. மேட்டூரின் பழைய நான்கு யூனிட்டுகளும், வட சென்னையின் முதல் மூன்றும் இதே 210 அளவுதான். அதனால் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவையும் பெரும்பாலும் புரிந்துவிடும்.

மின்கட்டணத்தில் வரும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நம் நாட்டுக் கரி சுமார் 700 கிராம் ஆகும். 210 மெகாவாட்டை முழு லோடில், அதாவது முழுத் திறனில், ஓட்டினால் மணிக்கு 140, 150 டன். ஒரு நாளைக்கு 3,500 டன். ஐந்தும் ஓடினால் தினமும் பதினேழாயிரம் டன்னுக்கு மேல். இது ஒடிசாவின் தால்ச்சர் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு வருகிறது. கப்பலிலிருந்து இறக்கிய கரி கன்வேயர் பெல்ட்டிலேயே நிலையத்துக்குள் போய்விடும். கடலை ஒட்டி நிலையம் கட்டியதில் குளிர்விக்கும் தண்ணீருக்கு எவ்வளவு பங்கோ, இந்தக் கப்பல் வசதிக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

யார்டில் மலை மலையாகக் கொட்டிக் கிடக்கும் கரி சும்மா கிடக்காது. காற்று பட்டுத் தானே சூடேறி, உள்ளுக்குள்ளேயே கனியத் தொடங்கும். அதனால்தான் புல்டோசரை ஏற்றி அழுத்துவதும், தண்ணீர் அடிப்பதும். அங்கிருந்து கிரஷரில் உடைபட்டு, மில்லுக்கு மேலே இருக்கும் பங்கர்கள் என்ற பெரிய தொட்டிகளில் விழும். பங்கர் நிறைந்திருந்தால் ஒரு ஷிஃப்டுக்கு மேல் தாங்கும். பங்கரிலிருந்து ஃபீடர் வழியாக மில். ஒரு யூனிட்டுக்கு ஆறு மில்கள். நல்ல கரியாக இருந்தால் நான்கு போதும், மட்டக் கரி என்றால் ஐந்தும் ஆறும் ஓட வேண்டும். மில்லுக்குள் ஒரு பெரிய கிண்ணம் சுழல, மூன்று உருளைகள் கரியை அரைக்கும். முகத்துக்குப் போடும் பவுடர் அளவுக்கு நைஸாக வர வேண்டும்: அரைத்ததில் எழுபது சதவீதம் 75 மைக்ரான் சல்லடையில் இறங்க வேண்டும் என்பது கணக்கு. சூடான காற்று அந்தத் தூளை அள்ளிக்கொண்டு குழாய் வழியாக அடுப்பின் நான்கு மூலைகளுக்கும் போகும்.

இந்தத் தூள்தான் தொழிலின் ரகசியம். கட்டிக் கரி நிதானமாக எரியும். தூளாக்கிக் காற்றில் கலந்து ஊதினால் எரிவாயு எரிவதைப் போல ஓரிரு வினாடிகளில் எரிந்து முடிந்துவிடும். மணிக்கு 150 டன் எரிக்க வேண்டுமென்றால் வேறு வழி கிடையாது.

மழைக்காலம் வந்தால் வெளியே வெள்ளம் இருக்கிறதோ இல்லையோ, எங்களுக்கு மில் தளத்தில் வெள்ளம்தான். நனைந்த கரி பங்கரில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்காது. ஃபீடர் வெறுமனே சுற்றும், மில்லின் வெளிவாயில் வெப்பநிலை சட்டென்று ஏறும். அப்போது சம்மட்டி எடுத்துக்கொண்டு ஆட்கள் பங்கரின் அடிப்பகுதியை டணார் டணார் என்று அடிக்கத் தொடங்குவார்கள். நாலைந்து பேர் மாறி மாறி அடித்த பிறகு தடதடவென்று மொத்தமாக இறங்கும். இப்போது அதே ஈரக் கரி மில்லைக் குளிர வைக்கும். வெப்பநிலை 50 டிகிரிக்குச் சரியும். குழாயில் தூள் அடைக்கும். எந்த அனல் நிலையத்துப் பங்கரையும் போய்ப் பாருங்கள், அடிப்பகுதி முழுக்கச் சம்மட்டித் தழும்பாக இருக்கும். எவ்வளவு கணினி வந்தாலும் இந்த ஒரு வேலைக்கு இன்னும் சம்மட்டிதான்.

சரி, அடுப்புக்கு வருவோம். பத்துப் பன்னிரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பெட்டி. அதன் நான்கு சுவர்களும் செங்கல் அல்ல. பக்கம் பக்கமாக நிறுத்திப் பற்றவைத்த இரும்புக் குழாய்கள். குழாய்களுக்குள் தண்ணீர். நான்கு மூலைகளிலிருந்தும் ஊதப்படும் தூளும் காற்றும் நடுவில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சுழல்வதால் ஒரு தீப்பந்து உண்டாகிறது. அதன் வெப்பம் 1,200 டிகிரிக்கு மேல். அவ்வளவு அருகில் நிற்கும் குழாய்கள் ஏன் உருகவில்லை என்றால், உள்ளே ஓடும் தண்ணீர் அந்தச் சூட்டை உடனுக்குடன் வாங்கிக்கொண்டு போவதால்தான். ஓட்டம் நின்றால் குழாய் நிற்காது.

சுவரில் சின்னச் சின்னப் பார்வைத் துளைகள் உண்டு. நீலக் கண்ணாடியைக் கண்ணுக்கு முன் பிடித்துக்கொண்டு மூடியைத் திறந்தால் உள்ளே தீ தெரியும். ஆனால் முகத்தில் அடிக்காது. காரணம், அடுப்பின் அழுத்தத்தை வெளிக்காற்றைவிட ஒரு துளி குறைவாகவே எப்போதும் வைத்திருப்போம். ஒரு டன் கரிக்கு ஐந்தாறு டன் காற்று வேண்டும். அதை உள்ளே தள்ள இரண்டு பெரிய விசிறிகள், எரிந்த புகையை உறிஞ்சிப் புகைபோக்கிக்கு அனுப்ப இன்னும் இரண்டு. உறிஞ்சுவது தள்ளுவதைவிட எப்போதும் இம்மி அதிகமாக இருக்க வேண்டும். மேலே குழாய்களில் ஒட்டியிருக்கும் சாம்பல் பாறை, நாங்கள் கிளிங்கர் என்போம், சில நேரம் பெயர்ந்து கீழே விழும். அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் அது தொபீரென்று விழுந்து நீராவி கிளம்ப, அழுத்த முள் ஒரு துள்ளு துள்ளும். அப்போது சுற்றுமுற்றும் ஆளில்லாமல் இருந்தால் நல்லது.

இன்னொன்று. இந்தக் கொதிகலன் தரையில் உட்கார்ந்திருக்கவில்லை. மேலே இருக்கும் பெரிய உத்தரங்களிலிருந்து தொங்குகிறது. குளிர்ந்திருக்கும்போது ஒரு நீளம், ஓடும்போது ஒரு நீளம்; அடிப்பகுதி கிட்டத்தட்ட ஒரு சாண் கீழே இறங்கும். தரையில் நிறுத்தியிருந்தால் அந்த ஒரு சாண் எங்கே போகும்? அதனால் தொங்கவிட்டு, அடியில் தண்ணீர்த் தொட்டிக்குள் ஓரத்தை முக்கி வைத்திருக்கிறார்கள். இறங்கலாம், ஏறலாம், வெளிக்காற்றும் புகாது. எல்லாப் பக்கமும் ஒரே சீராக இறங்குகிறதா என்று பார்க்க மூலைக்கு மூலை முள் வைத்த அளவுகோல்கள் இருக்கும். ஒரு பக்கம் இறங்கி ஒரு பக்கம் நின்றால் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இப்போது டிரம். கொதிகலனின் உச்சியில் படுத்திருக்கும் உருளை. தடித்த இரும்பு, நூறு டன்னுக்கு மேல் எடை. சுவர்க் குழாய்களில் கொதித்த தண்ணீரும் நீராவியும் கலந்து இங்கே வரும்; நீராவி மேலே பிரிந்து போகும், தண்ணீர் திரும்பக் கீழே இறங்கும். கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் நூற்றுக்கணக்கான அளவீடுகளில் எதை முதலில் பார்ப்பாய் என்று கேட்டால் எல்லா ஆபரேட்டரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: டிரம் லெவல்.

மணிக்கு 650, 700 டன் நீராவி இங்கிருந்து வெளியேறுகிறது. அதே அளவு தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்க வேண்டும். அதை உள்ளே தள்ளும் ஃபீட் பம்ப் நின்றுபோனால் டிரம்மில் இருக்கும் தண்ணீர் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. அப்புறம் சுவர்க் குழாய்கள் வெறும் குழாய்கள்தான். அதிகமானாலும் ஆபத்து. தண்ணீர் நீராவியோடு சேர்ந்து, நீராவியால் சுழன்று ஜெனரேட்டரை ஓட்டும் டர்பைனுக்குப் போனால், அந்த வேகத்தில் சுழலும் பிளேடுகளுக்கு அது தண்ணீர் அல்ல, கல். அதனால் மேலும் கீழும் அரை மீட்டருக்குள் லெவலைப் பிடித்து வைக்க வேண்டும். எல்லை தாண்டினால் யூனிட் தானாகவே டிரிப் ஆகிவிடும், அதாவது பாதுகாப்புக்காக நின்றுவிடும்.

இதில் புதிதாக வருபவர்களைத் தவறாமல் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. டர்பைன் திடீரென்று அதிக நீராவி இழுக்கிறது என்று வையுங்கள். வெளியே போவது கூடினால் டிரம்மில் தண்ணீர் குறையத்தானே வேண்டும்? முள்ளைப் பார்த்தால் லெவல் ஏறும்! நடப்பது இதுதான்: நீராவி சட்டென்று போனதால் அழுத்தம் விழுகிறது. அழுத்தம் விழுந்ததும் குழாய்களுக்குள் இருக்கும் தண்ணீர் முழுக்கக் குமிழ் குமிழாகக் கொதித்து உப்புகிறது. பால் பொங்கி வரும்போது பாத்திரத்தில் பால் கூடிவிட்டதா என்ன? அதே கதைதான். உண்மையில் தண்ணீர் குறைந்துகொண்டிருக்கிறது, முள் ஏறிக்கொண்டிருக்கிறது. முள்ளை நம்பி ஃபீட் தண்ணீரைக் குறைத்தால், குமிழ்கள் அடங்கியதும் லெவல் கிணற்றில் கல் போட்டது மாதிரி விழும். யூனிட் போச்சு. லோடு திடீரென்று குறையும்போது இதற்கு நேர் எதிராக லெவல் சுருங்கிக் காட்டும். அதனால்தான் தானியங்கிக் கட்டுப்பாடு லெவலை மட்டும் பார்ப்பதில்லை. எவ்வளவு நீராவி போகிறது, எவ்வளவு தண்ணீர் வருகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் வால்வைத் திறக்கிறது. நல்ல ஆபரேட்டரும் அப்படித்தான் பார்ப்பார்.

டிரம்மிலிருந்து போகும் நீராவி சூப்பர்ஹீட்டரில் இன்னும் சூடேறி 540 டிகிரிக்கு ஒட்டி வரும். அழுத்தம் 130 முதல் 150 கிலோ. எங்கள் பேச்சில் "கிலோ" என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஆறிப்போன நீராவிதான். இந்த அழுத்தத்தில் எங்காவது ஊசி முனை அளவு கசிந்தால் சீறும் சத்தம் மட்டும் கேட்கும், எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. கையை நீட்டித் தேடக் கூடாது என்பதுதான் முதல் நாள் சொல்லித்தரும் பாடம்.

டர்பைனில் மூன்று பாகங்கள். உயர் அழுத்தப் பகுதியில் வேலை செய்த நீராவி, 340 டிகிரிக்கு ஆறிக் கொதிகலனுக்கே திரும்பப் போய் மறுபடி 540-க்குச் சூடேறி வரும். அடுத்து நடு அழுத்தப் பகுதி, கடைசியாகத் தாழ் அழுத்தப் பகுதி. மூன்றும் ஒரே தண்டில், நிமிடத்துக்கு 3,000 சுற்று. ஏன் 3,000? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், வினாடிக்கு 50 சுற்று, அவ்வளவுதான். கடைசி வரிசை பிளேடுகள் முக்கால் மீட்டர் நீளம். அவற்றின் நுனி காற்றில் ஒலி போகும் வேகத்தைவிட வேகமாகப் போகிறது.

வேலை முடிந்த நீராவி கீழே கண்டென்சரில் விழுந்து தண்ணீராகிறது. குளிர்விப்பது கடல்நீர்: ஒரு யூனிட்டுக்கு வினாடிக்கு ஆறேழு டன். கரியிலிருந்து வந்த வெப்பத்தில் ஏறக்குறைய பாதி இந்த வழியாகக் கடலுக்குப் போய்விடுகிறது. மின்சாரமாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இதைக் கேட்டதும் எல்லோரும் கேட்பது: "அந்த நீராவியை ஆற விடாமல் அப்படியே கொதிகலனுக்குத் திருப்பி அனுப்பினால் என்ன?" அனுப்பலாம்தான். ஆனால் கண்டென்சருக்கு வரும் நீராவி ஒரு கிலோவே பதினான்கு கன மீட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். அதை அமுக்கி 150 கிலோ அழுத்தத்துக்குக் கொண்டுபோக, டர்பைன் கொடுத்த மொத்த வேலையும் போதாது. தண்ணீராக்கிவிட்டால் ஒரு லிட்டர். பம்ப் வைத்துத் தள்ளிவிடலாம். அதற்கே நான்கு மெகாவாட் மோட்டார் வைத்த பம்ப்புகள் இரண்டு ஓடுகின்றன. தவிர, நீராவி சுருங்குவதால் கண்டென்சரில் உண்டாகும் வெற்றிடம்தான் டர்பைனின் கடைசிப் பிளேடுகள் வரை நீராவியை இழுத்து வேலை வாங்குகிறது. வேக்கம் கொஞ்சம் விழுந்தாலும் மெகாவாட் விழும். சித்திரை வெயிலில் கடல்நீர் சூடாகும்போது இதை ஒவ்வொரு மதியமும் பார்க்கலாம். எப்போதாவது சொறிமீன் கூட்டம் வந்து நீர் எடுக்கும் இடத்தில் வலையை அடைத்தாலும் இதே கதி.

கண்டென்சரில் ஒரு குழாய் ஓட்டையானால் கடல்நீர் கொதிகலன் தண்ணீரோடு கலந்துவிடும். கொதிகலன் தண்ணீர் உப்பு, சிலிக்கா எல்லாம் நீக்கிய தண்ணீர்; குடிநீரெல்லாம் அதன் முன் அழுக்குத் தண்ணீர். ஆய்வகத்திலிருந்து "குளோரைடு ஏறுகிறது" என்று போன் வந்தால், லோடு ஓடிக்கொண்டிருக்கிறதே என்று பார்க்க முடியாது.

ஜெனரேட்டரைப் பற்றிச் சுருக்கமாக: 15.75 கிலோவோல்ட்டில் மின்சாரம் வரும், டிரான்ஸ்ஃபார்மர் அதை 230 கிலோவோல்ட்டாக்கி கிரிட்டுக்கு, அதாவது எல்லா நிலையங்களும் சேரும் மின் கட்டமைப்புக்கு, அனுப்பும். இதைக் குளிர்விப்பது ஹைட்ரஜன். காற்றைவிடப் பதினான்கு மடங்கு லேசு, அதனால் சுழலும் ரோட்டருக்கு உராய்வு குறைவு. வெப்பத்தைக் கடத்துவதில் காற்றைவிட ஏழு மடங்கு. காற்றோடு கலந்தால்தான் வெடிக்கும். எனவே தூய்மை 97 சதவீதத்துக்குக் கீழே போகாமல் காவல் காப்போம்.

இனி உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். நன்றாக ஆறிப்போன ஒரு யூனிட்டை எழுப்ப வேண்டும் என்று வையுங்கள்.

முதலில் விசிறிகளைப் போட்டு ஐந்து நிமிடம் அடுப்பைக் காற்றால் கழுவ வேண்டும். உள்ளே எரியாத எண்ணெய் ஆவியோ கரித்தூளோ மிச்சமிருந்தால் தீ வைத்ததும் அடுப்பே வெடித்துவிடும். அப்புறம் எண்ணெய் பர்னர்களை எதிரெதிர் மூலைகளில் ஜோடி ஜோடியாகக் கொளுத்துவோம். இதைத்தான் "லைட் அப்" என்பது. கரியை இப்போது போட முடியாது. குளிர்ந்த அடுப்பில் கரித்தூள் பற்றாது. டிரம் மெதுவாகச் சூடேற வேண்டும். அதன் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் 50 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால், அவ்வளவு தடித்த இரும்பும் வளையப் பார்க்கும். அதனால் எண்ணெயைக் கூட்டுவதும் குறைப்பதுமாக மணிக்கணக்கில் போகும். நடுவே கண்டென்சரில் வேக்கம் இழுக்க வேண்டும், நீராவிக் குழாய்களில் தேங்கிய தண்ணீரையெல்லாம் வடிக்க வேண்டும்.

நீராவி தேவையான சூட்டுக்கு வந்ததும் டர்பைனை உருட்டுவோம். நேராக 3,000-க்குப் போகக் கூடாது. ஐந்நூறு அறுநூறு சுற்றில் நிறுத்தி ஊற வைக்க வேண்டும். ரோட்டர் மெல்லியது, நீராவியில் சீக்கிரம் சூடாகி நீளும். வெளிக்கூடு கனமானது, மெதுவாக நீளும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மில்லிமீட்டர்தான். ரோட்டர் முந்திக்கொண்டால் பிளேடு கூட்டில் உரசும். இரண்டும் சமமாக நீள்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும். நடுவில் சில வேகங்களில் தண்டு தானாகவே அதிரும். அந்த இடங்களில் மட்டும் தயங்காமல் ஒரே மூச்சில் தாண்டிவிட வேண்டும்.

3,000 வந்ததும் கிரிட்டோடு சேர்ப்பது. சிங்க்ரோஸ்கோப் என்று ஒரு வட்ட மீட்டர். நம் ஜெனரேட்டர் கிரிட்டைவிட ஒரு மயிரிழை வேகமாகச் சுற்றினால் அதன் முள் கடிகாரச் சுற்றில் மெதுவாக நகரும். முள் பன்னிரண்டை நெருங்கும்போது, கிரிட்டோடு இணைக்கும் சுவிட்சான பிரேக்கரைப் போட வேண்டும். இப்போதெல்லாம் தானியங்கி செய்துவிடுகிறது. ஆனாலும் அந்த ஒரு நிமிடம் அறையில் யாரும் பேச மாட்டார்கள். சரியாக விழுந்தால் ஒரு சின்ன முனகல், 15 மெகாவாட் ஏறும். கோணம் தவறிப் போட்டால் தண்டையே முறுக்கிவிடும். அதன் பிறகுதான் முதல் மில், இரண்டாவது மில், ஒவ்வொன்றாகக் கரி. அடுப்பு நன்றாகக் கனன்ற பிறகு எண்ணெயை எடுப்பது.

மொத்தத்தில் குளிர்ந்த நிலையிலிருந்து முழு லோடுக்கு வர எட்டு, பத்து மணி நேரம். ஒரு தடவைக்கு 50,000 லிட்டர் எண்ணெய் என்பது இந்த அளவு யூனிட்டுக்கு வழக்கமான கணக்கு. சூடாக இருக்கும்போதே திரும்ப எழுப்பினால் இரண்டு மூன்று மணி நேரம், இருபதாயிரம் லிட்டர். பகலில் அணைத்து மாலையில் திரும்பப் போடலாமே என்று நீங்கள் கேட்டது இந்த இரண்டாவது வகை. கணக்குப் போட்டால் முடியும் போலத்தான் தெரியும். ஆனால் தினமும் இருபதாயிரம் லிட்டர் எண்ணெய், மாலை உச்சத் தேவைக்கு முன்னால் ஒரு வால்வு ஒட்டிக்கொண்டால் மாநிலத்துக்கு 200 மெகாவாட் இல்லை, அப்புறம் தினமும் சூடாகி ஆறும் இரும்பு. கம்பியைத் திரும்பத் திரும்ப மடக்கினால் முறிவது போலத்தான் இதுவும்; தடித்த டிரம்மும் வால்வு உடல்களும் முதலில் விரிசல் விடும், குழாய் இணைப்புகள் கசியும். இந்த யூனிட்டுகளை வடிவமைத்தவர்கள் வருடம் முழுக்க ஒரே லோடில் ஓடும் என்று நினைத்துத்தான் வடிவமைத்தார்கள்.

நிறுத்தும்போதும் வேலை இருக்கிறது. டர்பைன் நின்றதும் ரோட்டரைச் சும்மா விட முடியாது. மேல் பக்கம் சூடாகவும் கீழ்ப் பக்கம் ஆறியும் இருந்தால் தண்டு வில்லாக வளைந்துவிடும். அதனால் பாரிங் கியர் என்ற ஒன்றைப் பூட்டி, பழைய ரஷ்ய வடிவமைப்பு டர்பைன்களில் நிமிடத்துக்கு மூன்று நான்கு சுற்றாக, இரண்டு மூன்று நாள் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். கிரிட்டே விழுந்து நிலையம் இருட்டானால் எங்களுக்கு வரும் முதல் பயம் விளக்கைப் பற்றியதல்ல. 3,000 சுற்றில் ஓடும் தண்டுக்கு எண்ணெய் போகிறதா என்பதுதான். அதற்கென்றே பேட்டரியில் ஓடும் ஒரு பம்ப் உண்டு. நிலையத்தில் உள்ள அத்தனை இயந்திரங்களிலும் அந்தச் சின்னப் பம்ப்பைத்தான் அதிகமாகச் சோதித்துப் பார்ப்போம்.

ஆக, அணைப்பதற்குப் பதில் குறைப்பதுதான் நடைமுறை. சென்னையில் உள்ள மாநில லோடு டிஸ்பாட்ச் மையம் ஒரு நாளைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக, 96 துண்டாக வெட்டி, எந்தத் துண்டில் யார் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சொல்லும். கிரிட் 49.90 ஹெர்ட்ஸுக்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் நடுவில் நிற்க வேண்டும். வெயில் ஏறும்போது "குறை" என்று போன் வரும். 210-ஐ 115-க்கு, அதாவது 55 சதவீதத்துக்கு இறக்கலாம். அதற்குக் கீழே போனால் தீப்பந்து தள்ளாடும். தீயைப் பார்க்கும் சென்சார்கள் "தீ இல்லை" என்று சொல்லிவிட்டால் யூனிட் டிரிப். தடுக்க எண்ணெய் ஊற்ற வேண்டும். 2023-இல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த விதி 40 சதவீதம் வரை இறங்கப் பழகச் சொல்கிறது. புதிய யூனிட்டுகளில் முடியும். நாற்பது வயதுக் கொதிகலனில், வருகிற கரியை வைத்துக்கொண்டு, என் பார்வையில் அது காகிதத்தில் எழுதுவது போல் சுலபமல்ல. குறைந்த லோடில் ஓடும்போது ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கரியும் அதிகம் செலவாகும். நிலையம் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் மின்சாரம், விசிறி, பம்ப், மில் எல்லாம் சேர்ந்து எட்டொன்பது சதவீதம். லோடு பாதியாகும்போது அது பாதியாவதில்லை.

நீங்கள் புகையைப் பற்றியும் கேட்டிருப்பதால் சாம்பலையும் சொல்ல வேண்டும். நம் கரியில் முப்பத்தைந்து, நாற்பது சதவீதம் சாம்பல். ஒரு யூனிட்டே நாளைக்கு ஆயிரத்து இருநூறு டன் போலத் தள்ளும். அதில் ஐந்தில் ஒரு பங்கு அடுப்புக்கு அடியில் விழும். மீதி புகையோடு பறக்கும். ஈ.எஸ்.பி. என்ற பெரிய பெட்டிகளில் பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் வைத்து அதைத் தகடுகளில் ஒட்ட வைத்து, சுத்தியலால் தட்டி உதிர்ப்பார்கள். அது சரியாக ஓடினால் புகைபோக்கியில் கறுப்பாக எதுவும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத கந்தக டை ஆக்சைடை ஈ.எஸ்.பி. பிடிப்பதில்லை. அதற்குத் தனிக் கருவி வேண்டும் என்று 2015 டிசம்பரில் விதி வந்தது. காலக்கெடு தள்ளித் தள்ளிப் போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். உலர்ந்த சாம்பலைச் சிமென்ட் ஆலைகள் வாங்கிக்கொள்கின்றன. தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்பும் சாம்பல்தான் தொல்லை. வட சென்னையில் அந்தக் குழாய்கள் கசிந்து கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்த சாம்பலால் மீனவர்கள் பட்டபாடு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. மின்சாரத்தின் விலையில் இது சேராததால்தான் நிலக்கரி மலிவு என்று தோன்றுகிறது.

காற்று சீசனில் சில யூனிட்டுகளை நாள்கணக்கில் நிறுத்தி வைப்பது உண்டு. முப்பந்தலிலும் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமும் நல்ல காற்று இன்னும் சில நாள் இருக்கும் என்று தெரிந்தால் அது லாபம். தினசரி ஏற்றி இறக்கும் வேலைக்கு ஏற்றது வேறு: ஆனைமலையில் உள்ள காடம்பாறை. நூறு மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்கள், எண்பதுகளின் கடைசியிலிருந்து இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து மேலே தண்ணீரை ஏற்றி, தேவைப்படும்போது இறக்கிவிடும். சில நிமிடங்களில் தயார். குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இதே போல ஒன்றைக் கட்டும் வேலை நடக்கிறது, பேட்டரிகளும் வருகின்றன. இவை போதுமான அளவுக்கு வரும் வரை, சூரியன் இறங்கும் நேரத்தில் 115-இல் நிற்கும் யூனிட்டை 210-க்கு ஏற்றித்தான் ஆக வேண்டும். நிமிடத்துக்கு இரண்டு மெகாவாட் என்பது இவற்றுக்கு ஒத்துவரும் வேகம். அதனால் நீங்கள் ஏழு மணிக்கு விளக்கைப் போட, நாங்கள் ஆறு மணிக்கு முன்பே அடுத்த மில்லை ஓட்டத் தொடங்கியிருப்போம்.